முப்பத்தொரு சைபர்

மருத்துவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திருப்பியிருக்கவே வேண்டாம். அந்த வரைபடத்தில் எந்தக் கட்டம் என்ன நிறம் என்று துணியக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"இதுதான் நீங்க வேலை பார்க்கிற ஏரிக்காடு. பச்சையா இருக்கு பாருங்க."

"பச்சையா இருந்தா நல்லதுதானே டாக்டர்?" என்றாள் அவளுடைய நாத்தனார். நான்கு நாளாக அவளுக்கு வாயின் இடது ஓரம் அசையவில்லை. சொற்கள் வலது பக்கமாகவே வழுக்கி வெளியே விழுந்தன. இடது கண்ணை மூட முடியாததால் அதன்மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"ஊருக்கு நல்லது. உங்களுக்கு இல்ல," என்றார் மருத்துவர். சின்ன வயதுப் பெண். காலையிலிருந்து யாரோடோ வாதாடித் தோற்றுக்கொண்டிருப்பவர் போன்ற முகம். "முட்டி வீங்கியிருக்கு, காய்ச்சல் விட்டு விட்டு வருது, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. என்னைக் கேட்டா இது உண்ணிக் காய்ச்சல்தான். ஆனா அதுக்கான ஊசி மருந்து ஆஸ்பத்திரிக் கிடங்குலதான் இருக்கு. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் போட்டுத் தீர்த்துட்டாங்கன்னு இப்போ பூட்டு போட்டு வெச்சிருக்காங்க. சிவப்பு வட்டாரத்து ஆளுன்னா உடனே கிடைக்கும். பச்சைன்னா ரத்தப் பரிசோதனை முடிவு வரணும்."

"எத்தனை நாள் ஆகும்?" துணியக்கா கேட்டாள்.

"பதினெட்டு நாள். பச்சை வட்டாரத்து ரத்தத்தைக் கடைசியாத்தான் எடுப்பாங்க." மருத்துவர் நாத்தனாரின் மணிக்கட்டை மறுபடி பிடித்துப் பார்த்தார். "நாடி கொஞ்சம் மெதுவா ஓடுது. இப்போதைக்குத் தாங்கும். இது இதயத்துல ஏறிட்டா பதினெட்டு நாள் ரொம்ப அதிகம். அதைத்தான் நான் பார்க்கணும்."

நாத்தனார் தன் ஒற்றைக் கண்ணால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"அந்தப் பச்சையப் போட்டது எங்க அண்ணிதான் டாக்டர்," என்றாள். "கேட்டுப் பாருங்க, நல்ல கைராசி."

துணியக்காவுக்கு அலுவலகத்தில் வேறொரு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான். நோய்த்தடுப்பு அலுவலகத்தில் பதினாறு வருடமாக அவள் செய்வது உண்ணி பிடிக்கும் வேலை. ஒரு மீட்டர் அகல வெள்ளைத் துணியை ஒரு கம்பில் கட்டி, புல்லின் மேல் இழுத்தபடி நடக்க வேண்டும். இருபது அடிக்கு ஒரு முறை நின்று, துணியைப் புரட்டி, ஒட்டியிருக்கும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட வேண்டும். பிறகு எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். உண்ணிக்குக் கண் இல்லை, ஓடத் தெரியாது, குதிக்கத் தெரியாது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று காத்திருக்கும். துணி உரசினால் விலங்கு என்று நினைத்துப் பற்றிக்கொள்ளும். இந்த ஏமாற்றுதான் துணியக்காவின் தொழில். ஊருக்கெல்லாம் நாய்க்கும் மாட்டுக்கும் ஒட்டுகிற அருவருப்பு. அவளுக்கு அதன்மேல் ஒருவித மரியாதை உண்டு. ஒரு வாய் ரத்தத்துக்காக ஒரு வருடம் காத்திருக்கிற பொறுமை மனிதர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஏரிக்காட்டில் மூன்று வருடத்துக்கு முன்பு வேலி போட்டார்கள். மான் வருகிறது, மானோடு உண்ணி வருகிறது என்று ஊரில் ஒரே புகார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கம்பி வலை. அடியிலும் ஒரு முழம் புதைத்தார்கள். மான் நின்றது. அதற்குப் பிறகு துணியக்கா அங்கே முப்பத்தொரு தடவை துணி இழுத்தாள். முப்பத்தொரு தடவையும் சைபர். அலுவலகத்தில் கைதட்டாத குறை. வரைபடம் பச்சையானது. உண்ணி எச்சரிக்கைப் பலகைகளைக் கழற்றினார்கள். காட்டுப் பாதையில் இலை வாரும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

அந்த வேலைக்கு நாத்தனாரைச் சேர்த்துவிட்டது துணியக்காதான். கணவனைப் பிரிந்து வந்து அண்ணன் வீட்டில் இருந்தவள். 'காட்டு வேலையா, உண்ணி கடிக்காதா?' என்று அவள் இழுத்தபோது, 'நான் அளந்த காடு. படுத்துத் தூங்கலாம், போ' என்று சொன்னதும் துணியக்காதான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். தேநீர் அவள் வாயின் இடது ஓரத்தில் வழிந்தது. துணியக்கா துடைக்கப் போனாள்.

"வேணாம் அண்ணி, நானே துடைச்சுக்கறேன். கை நல்லாத்தானே இருக்கு. நீங்க போய் உங்க படிவத்த எழுதுங்க. 'வீட்டில் நோயாளி: சைபர்'னு போடுங்க."

"உன் வாய் பாதிதான் வேலை செய்யுது. அதுக்கே இந்தப் பேச்சு."

"பாதி வாய்க்கே பதில் சொல்ல முடியலையே உங்களால."

கணவர் பேருந்துப் பணிமனையிலிருந்து வந்தார். கையில் கிரீஸ் கறை. விஷயத்தைக் கேட்டார். தங்கையின் எதிரில் சிறிது நேரம் நின்றார். கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மனிதர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திட்ட மாட்டார். வெளியே வந்து துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி, "அங்க உண்ணி இல்லன்னா இவளுக்கு எங்க இருந்து வந்துச்சு?" என்றார். குற்றம் சாட்டவில்லை. இயந்திரத்தில் எந்தப் பாகம் சத்தம் போடுகிறது என்று விசாரிப்பது போலக் கேட்டார். அதுதான் தைத்தது.

துணியக்காவிடம் ஒரு சந்தேகம் இருந்தது. நாலைந்து மாதங்களாக அடிமனதில் கிடந்து உறுத்துவது. அதை எடுத்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பழைய துணியையும், கடன் வாங்கிய நான்கு எலிக்கூண்டுகளையும் எடுத்துக்கொண்டு ஏரிக்காட்டுக்குப் போனாள். அலுவலக வண்டியில் அல்ல, நடந்து. கூண்டுகளை இலைக் குவியல்களுக்கு இடையே வைத்தாள். முதல் இழுப்பில் பனி ஈரத்தில் துணி நனைந்து பாரமாகிவிட்டது. ஒன்றும் ஒட்டவில்லை. நனைந்த துணியில் ஒட்டாது, அது தெரிந்ததுதான். அதனால்தான் பனி காயும்வரை இழுக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள். எட்டு மணிக்குப் புல் காய்ந்தது. மாற்றுத் துணியைக் கட்டி இழுத்தாள். இருபதாவது அடியில் புரட்டினாள்.

மூன்று உண்ணிக் குஞ்சுகள். எள்ளை விடச் சிறியவை, கால் வைத்த அழுக்குத் துளிகள் போல நகர்ந்துகொண்டிருந்தன.

நூறு மீட்டர் முடிக்கும்போது பதினாலு. துணியக்காவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒன்பது மணிக்கு மறுபடி அதே தடத்தில் இழுத்தாள். இரண்டு. ஒன்பதரைக்கு இழுத்தாள். சைபர். அதற்குள் வெயில் ஏறி, காலடியில் இலைகள் அப்பளம் போல நொறுங்க ஆரம்பித்துவிட்டன.

அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விதிப்புத்தகம் எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் காலத்தில் பதினொரு மணிக்குப் பனி காயும். மாலைவரை காற்றில் ஈரம் நிற்கும். உண்ணி நாள் முழுதும் புல் நுனியில் உட்கார்ந்திருக்கும். இப்போது குளிர்காலமே பெயருக்குத்தான் வருகிறது. கோடை இரண்டு மாதம் முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. காற்று காய்ந்தால் உண்ணி உடம்பும் காயும். செத்துப்போகாமல் இருக்க அது கீழே இறங்கி இலைச் சருகுக்கு அடியில், ஈரத்துக்குள் பதுங்கிவிடும். புல்லுக்கு மேலே துணி போகும். கீழே அது சும்மா இருக்கும். மேலே இருக்கிற நேரம் காலையில் ஒரே ஒரு மணி நேரம். அலுவலக வண்டி வந்து சேர்வது பன்னிரண்டரைக்கு.

கீழே என்ன நடக்கிறது என்பதைக் கூண்டுகள் சொல்லின. நான்கில் மூன்றில் எலி. வெறும் இரண்டரை மணி நேரத்தில், பட்டப்பகலில். கையுறை போட்டு ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு காது மடலிலும் ஓரம் தைத்தது போல வரிசையாக உண்ணிகள். ஒரு காதில் மட்டும் பதினொன்று. எலி அவளைப் பார்த்துப் பதறவில்லை. சலித்துப்போன பிராணி மாதிரி மூக்கை மட்டும் ஆட்டியது.

மானைத் தடுத்த வேலி நரியையும் தடுத்திருக்கிறது. தின்ன ஆள் இல்லை, கொல்லக் குளிரும் இல்லை, எலிகள் பெருகிவிட்டன. உண்ணி பிறக்கும்போது நோயோடு பிறப்பதில்லை. நோய் எலியின் ரத்தத்தில் இருக்கிறது. மானைக் கடித்தால் உண்ணிக்கு அந்த நோய் வராது. எலியைக் கடித்தால் வரும். மேய்கிற மானுக்காக மேலே ஏறிக் காத்திருந்த உண்ணி, இப்போது கீழேயே எலியிடம் சாப்பிட்டுவிட்டு, அடுத்த சாப்பாட்டுக்கு அதே சருகில் கிடக்கிறது. அந்தச் சருகில்தான் நாத்தனார் கை விட்டு வாரினாள், தினம் ஏழு மணி நேரம்.

அலுவலகத்தில் பிரிவு அலுவலர் குப்பிகளைத் தொடவில்லை. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"ஏரிக்காட்டு உண்ணி, சார். துணியில பதினாலு. மிச்சமெல்லாம் எலிக் காதுல."

"எலிக் காதுலயா?" அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நம்ம படிவத்துல எலிக்குக் கட்டம் எங்க இருக்கு? எலி நகராட்சியோடது. மான் வனத்துறையோடது. நமக்குத் துணிதான்."

"அப்போ துணியில வந்த பதினாலு?"

"எத்தனை மணிக்கு இழுத்தீங்க?"

"எட்டு."

"பதினொன்னுல இருந்து மூணு வரைக்கும்னு விதி. வண்டி எது? உடன் வந்தது யாரு?"

"நான் மட்டும்தான்."

"அது உங்க சொந்த இழுப்பும்மா." தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். "சொந்த இழுப்பையெல்லாம் வரைபடத்துல ஏத்த முடியுமா? நாளைக்கு யாரு வேணா நாலு உண்ணிய எங்க இருந்தாவது கொண்டு வந்து, என் வீட்டு வாசல சிவப்பாக்குன்னு நிப்பாங்க."

"சார், என் நாத்தனார் முகம் கோணிக் கிடக்கு. நாடி இறங்குது. மருந்து பக்கத்துக் கட்டடத்துல பூட்டிக் கிடக்கு."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா முப்பத்தொரு சைபர் இருக்கே. நீங்களே போட்டது. ஒரு பதினாலு வந்து முப்பத்தொண்ண அடிச்சிடுமா? அடுத்த இழுப்புக்கு வண்டி எழுதித் தர்றேன். அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி."

கல்லில்கூட நார் உரித்துவிடலாம் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் நாத்தனாருக்கு இதய வரைபடம் எடுத்தார்கள். மருத்துவர் அந்தக் காகிதத்தை நீளமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்து, மறுபடி பிரித்தார். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் கோடு கூடுதலாக நீண்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன மாசம் வேற எங்கயாவது போனீங்களா? ஆத்தங்கரைக் காடு சிவப்புல இருக்கு. சும்மா ஒரு நாள், சொந்தக்காரங்களைப் பார்க்க, இந்த மாதிரி. நீங்க சொன்னா நான் எழுதிக்குவேன். சரிபார்க்க மாட்டாங்க."

துணியக்காவின் நெஞ்சு ஒரு கணம் இலேசானது. அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று நாத்தனாரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும்.

நாத்தனார் தலையாட்டவில்லை.

"நான் எங்கயும் போகல டாக்டர்."

"ஏய்," என்றாள் துணியக்கா.

"எனக்கு ஆத்தங்கரைல யாரு இருக்கா? ஏரிக்காட்டுலதான் இலை வாரினேன். என்கூட இன்னும் நாலு பொம்பளைங்க வாரிட்டு இருக்காங்க. நான் ஆத்தங்கரைன்னு எழுதிட்டு ஊசி போட்டுக்கிட்டா, நாளைக்கு அவங்க முகம் கோணி வந்து நிக்கும்போது நீங்க இதே பச்சையத்தான் திருப்பிக் காட்டுவீங்க."

"முதல்ல உன் உயிரப் பாருடி," துணியக்காவின் குரல் உயர்ந்தது. "நீ என்ன பெரிய அரிச்சந்திரன் பேத்தியா? மளிகைக்காரன் மீதிச் சில்லறை கூடக் கொடுத்தா வாயத் திறந்திருக்கியா நீ?"

"அது வேற. இது உங்க சைபர், அண்ணி." பாதி முகத்தில் கோபமும் பாதி முகத்தில் ஒன்றுமில்லாமையுமாக அவள் பார்த்தாள். "நீங்க போட்டத நீங்க அழிங்க. அதுக்கு நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

வீம்புதான். எட்டு வருடமாக வீட்டில் குழம்புக் கரண்டியை எங்கே மாட்டுவது என்பதில் காட்டிய அதே வீம்பு. அதை இங்கே, இதயத்துடிப்பு இடறிக்கொண்டிருக்கும்போதும் விட மாட்டாளா என்று துணியக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அடியில், அவள் சொல்வது சரி என்பது தெரிந்தது. அது இன்னும் ஆத்திரமூட்டியது.

மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "சிவப்பாகக்கூட வேணாம்," என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "சாம்பல் நிறமா இருந்தாக்கூடப் போதும். சாம்பல்னா அளக்கவே இல்லன்னு அர்த்தம். அங்க நோயாளி வந்தா டாக்டர் தன் புத்திப்படி முடிவு பண்ணலாம்னு விதி இருக்கு. இந்தப் பச்சைதான் என் கையக் கட்டுது."

துணியக்கா வெளியே தாழ்வாரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஏதோ ஒரு தேசத்து எல்லை போல இருந்தது. யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அதற்குள் அந்தச் சந்தேகத்தை எடுத்துப் பார்த்துவிட்டாள், இத்தனை மாதம் பயந்து தொடாமல் வைத்திருந்ததை.

ஒவ்வொரு படிவத்திலும் எண்ணிக்கைக்கு மேலே ஒரு கட்டம் உண்டு: காற்றின் ஈரம். அறுபதுக்குக் கீழே இருந்தால் துணி இழுக்கக் கூடாது, இழுத்தால் எண்ணிக்கை செல்லாது. அதை அளக்க ஒரு ஈரமானி கொடுத்திருந்தார்கள். வேலி போட்ட வருடம் அது அலுவலக ஓட்டுநரின் வண்டிச் சக்கரத்தில் மாட்டி நொறுங்கியது. புதிது கேட்டு எழுதினாள். கிணற்றில் போட்ட கல். 'ஏரி நீரேற்று நிலையத்துல காலையில ஈரம் அளக்கிறாங்க, அந்த எண்ணைப் போட்டுக்குங்க' என்றார் பிரிவு அலுவலர், போகிற போக்கில். ஏரிக்கரையில், காலை ஏழு மணிக்கு அளந்தது. எழுபத்தெட்டு. எண்பத்தொன்று. அதைத்தான் நட்டநடு வெயிலில், காட்டுக்குள் நின்றுகொண்டு, முப்பத்தொரு முறை எழுதினாள். முதல் இரண்டு தடவை கை கூசியது. பிறகு கூசவில்லை. உதடு வெடிக்கிற காற்றில் நின்று எண்பத்தொன்று என்று எழுதும்போது, 'இன்னிக்கு மழை வரும்போல இருக்கே அக்கா' என்று ஓட்டுநர் கேலிகூடப் பண்ணியிருக்கிறான். இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

உண்ணி இல்லை என்று அவள் கண்டுபிடிக்கவில்லை. பார்க்கவே இல்லை என்பதைத்தான் இத்தனை நாள் சைபர் என்று எழுதியிருக்கிறாள்.

நாத்தனாரைத் தாழ்வாரத்தில் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

"ஏரிக்காட்டுப் படிவம் முப்பத்தொண்ணும் வேணும் சார்."

"எதுக்கு?"

"செல்லாதுன்னு எழுதணும்."

பிரிவு அலுவலர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் எழுந்து போய் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "இழுத்த ஆளே செல்லாதுன்னு எழுதினா நான் தடுக்க முடியாது. விதி அப்படி. ஆனா காரணம் எழுதணும் தெரியுமில்ல?"

"ஈரம் அளக்கலன்னு எழுதுவேன்."

"அளக்காம எண்ணைப் போட்டேன்னு எழுதணும். மூணு வருஷம். கையெழுத்தோட. அதுக்கு என்ன பேருன்னு தெரியுமா?"

"நீங்க சொல்லித்தானே போட்டேன்."

"எழுத்துல எங்க இருக்கு?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வையை விலக்கி மேசையில் இருந்த காகிதக் குத்தூசியை நிமிர்த்தி வைத்தார். "அம்மா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். பதினாறு வருஷ வேலை. வேற வழி இருக்கும். மேலிடத்துக்கு ஒரு மனு எழுதுவோம்."

"பதில் வர எத்தனை நாள் ஆகும் சார்?"

அவர் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்துப் போட்டார்.

துணியக்கா எழுதத் தொடங்கினாள். செல்லாது. காற்றின் ஈரம் இழுத்த இடத்தில் அளக்கப்படவில்லை. வேறிடத்து எண் எழுதப்பட்டது. கையெழுத்து. தேதி. அடுத்தது. ஏழாவது படிவத்தில் பேனா மை தீர்ந்தது. பிரிவு அலுவலர் தன் பேனாவைத் தராமல் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்றிருந்த ஓட்டுநர் உள்ளே வந்து சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அக்கா, என் ஓட்டப் புத்தகத்துல வண்டி எத்தனை மணிக்கு அங்க போச்சுன்னு எழுதியிருக்கு. எல்லாமே பன்னெண்டரைக்கு மேலதான். வேணும்னா அதையும் சேர்த்து வெச்சுக்குங்க." பிறகு, செய்தித்தாள் பக்கம் திரும்பாமல், "அந்த ஈரமானிய நசுக்கினதும் நான்தான்னு போடுங்க. எப்படியும் எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ்."

"உன் வண்டி ஈரமானிய மட்டுமாடா நசுக்கிச்சு?" என்றாள் துணியக்கா. சிரிக்க முயன்றாள். வரவில்லை.

பதினெட்டாவது படிவம் நல்ல நாளொன்று. அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்று காட்டுக்குள் காற்று குளிர்ச்சியாக இருந்தது, மேகம் போட்டிருந்தது. அந்தச் சைபர் ஒருவேளை நிஜமாகவே இருக்கலாம். கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தினாள். அதையாவது விட்டுவைக்கலாமா என்று தோன்றியது. ஒன்று பச்சையாக மிஞ்சினாலும் கட்டம் முழுதும் பச்சையாகவே நிற்கும். எழுதினாள்.

மூன்றரை மணிக்கு முடிந்தது. பிரிவு அலுவலர் கோப்பை எழுத்தரிடம் அனுப்பினார். எழுத்தர் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசி எண்ணைத் தட்டியதும் ஏரிக்காட்டுக் கட்டம் நிறம் மாறியது. சத்தம் எதுவும் வரவில்லை. சாம்பல், மழைநீர் தேங்கிய தெருவின் நிறம்.

"உங்க பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்," என்றார் பிரிவு அலுவலர். "அது வரைக்கும் நீங்க துணி இழுக்க வேணாம். ஒன்பதாம் தேதி இழுப்புக்கு வேற ஆள் போவாங்க."

"எத்தனை மணிக்கு?"

"வண்டி கிடைக்கிற நேரத்துக்கு."

மருத்துவமனையில் ஐந்தே காலுக்கு ஊசி மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். மருத்துவர் திரையைப் பார்த்தார், துணியக்காவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். நாத்தனாரின் மார்பில் கம்பிகளை ஒட்டி ஒரு பெட்டியோடு இணைத்திருந்தார்கள். அதில் கோடு போய்க்கொண்டிருந்தது. முகம் சரியாகச் சில வாரம் ஆகலாம், ஒருவேளை முழுதும் சரியாகாமலும் போகலாம், ஆனால் இதயம் தப்பித்துவிடும் என்று நினைக்கிறேன் என்றார் மருத்துவர். நினைக்கிறேன் என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கிளம்பும்போது துணியக்காவின் பக்கத்தில் வந்து, அவள் தோளைத் தொடுவது போலக் கையைக் கொண்டுவந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டியா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் ரொட்டி வாங்கப் போனார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழிச்சிட்டீங்களா அண்ணி?"

"ம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்போ இப்ப காட்டுல உண்ணி இருக்குன்னு போட்டுட்டாங்களா?"

"இல்ல. தெரியாதுன்னு போட்டிருக்காங்க."

நாத்தனார் ஒட்டிய பஞ்சின் ஓரத்தை விரலால் நெருடினாள். "உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? என் கையெழுத்துக்கு இனிமே மதிப்பு இல்ல."

"பலகையாவது திருப்பி மாட்டுவாங்களா?"

"சிவப்பானாத்தான் பலகை. சாம்பலுக்குப் பலகை கிடையாது."

"கொள்ளையில போக," என்றாள் நாத்தனார். முதல் தடவையாக அது துணியக்காவை நோக்கிச் சொல்லப்படவில்லை.

துணியக்கா கைப்பையில் துழாவினாள். மை தீர்ந்த அலுவலகப் பேனாதான் கிடந்தது. ஓட்டுநரின் பேனா மேசையிலேயே தங்கிவிட்டது. எழுந்து போய் மருந்து மேசையில் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"உன்கூட இலை வார்ற நாலு பேரும் எங்க குடியிருக்காங்க? முதல் ஆளு வீடு சொல்லு."

"எதுக்கு? அவங்க வேலையை விட மாட்டாங்க அண்ணி. உங்க பேச்சையெல்லாம் கேட்டு—"

"விட வேணாம். ஒன்பதரை மணிக்குள்ள சருகுல கை வைக்காதீங்கன்னு சொன்னாக் கேப்பாங்களா?"

"அப்போ ஒன்பதரைக்கு மேல வெச்சா?"

துணியக்கா பென்சிலைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். ஒன்பதரைக்கு மேல் அவை சருகுக்கு அடியில் இருக்கும். முன்னே ஆனாலும் பின்னே ஆனாலும் கை போகிற இடத்தில்தான் இருக்கும். அதற்கு அவளிடம் விதி எதுவும் இல்லை.

"கையுறை, முழுக்கால் சட்டை, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்க்கணும், காதுக்குப் பின்னால, அக்குள், முட்டிக்குப் பின்னால," என்றாள். "ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கணும். நான் போய்க் காட்டித் தர்றேன். நீ விலாசத்தைச் சொல்லு."

நாத்தனார் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே, தொட்டித் தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற வீடு என்று தொடங்கினாள்.